மாமா ஏற்றிய எடை

எடை போடுகிறவன் எவனாக இருந்தாலும் அவன் திருடன் என்பது என் மாமாவின் தீர்மானமான முடிவு. மளிகைக் கடைக்காரர், பழைய இரும்புக்காரர், ரேஷன் கடை ஆள், சர்க்கரை ஆலை வாசலில் லாரியை மேடையேற்றி எடை பார்க்கிறவர் எல்லோரும் அவர் கண்ணுக்கு ஒரே கூட்டம்தான். “தராசுப் பக்கத்துல ஒருத்தன் நிக்கிறான்னா, அவன் நம்பளுக்காக நிக்கலன்னு அர்த்தம்” என்பார். சொல்லிவிட்டு, அந்தத் திருடர்களை மிஞ்சுவது எப்படி என்று யோசிக்க ஆரம்பிப்பார். அப்படி யோசித்ததில் ஒன்றை அவர் என் தங்கைமேல் செய்து பார்த்த கதை இது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். தீபாவளி முடிந்ததும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, சட்டி பானை, பாய், இரண்டு கோழி எல்லாவற்றோடும் லாரியில் ஏறினால் சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் வந்து இறங்குவோம். கரும்பு வெட்டு. ஒரு தோட்டம் முடிந்தால் அடுத்த தோட்டம். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறபோதுதான் திரும்ப ஊர். நான் மூன்றாம் வகுப்பில் பாதி படித்திருந்தேன். மீதிப் பாதிக்குள் கரும்பு விளைந்துவிட்டது.

இந்த வேலையில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தால்தான் ஓர் ஆள். அப்பா வெட்டிப் போட்டுக்கொண்டே போவார். அம்மா தோகையை உரித்து, கட்டாகக் கட்டிக்கொண்டே பின்னால் வருவாள். இருவரில் ஒருவர் படுத்துக்கொண்டால் மற்றவருக்கும் வேலை இல்லை. மேஸ்திரி அந்த இடத்துக்கு வேறு ஜோடியைக் கொண்டுவந்துவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஆலைக்காரர்கள் இருந்தார்கள், லாரி நேரத்துக்குப் போயாக வேண்டும்.

மாமாவுக்கு ஜோடி இல்லாததால் அவர் லாரிக்குக் கட்டு ஏற்றுகிற ஆள். ஆலையில் போடும் எடையை வைத்துத்தான் எங்கள் எல்லோருக்கும் கூலி. அதனால் லாரி கிளம்பும் முன் வாய்க்காலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கட்டுகளின் மேல் ஊற்றுவார். அடிக்கரும்பில் ஒட்டிய மண்ணைத் தட்ட விடமாட்டார். “அவன் கழிக்கிறத நாம ஏத்திக்கிறோம். கணக்கு சரியாப் பூடும்” என்பார். அதைத் திருட்டு என்று எங்கள் கூட்டத்தில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது ஒரு பெரிய வித்தையாகப்பட்டது. பெரியவளானதும் நானும் லாரிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இப்போதைக்கு என் வேலை பாப்பா. என் தங்கையை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வயது நிறையவில்லை. ஊரில் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தவள், இங்கே வந்த பிறகு நடப்பதை விட்டுவிட்டாள். கொட்டகைக்குச் சுவர் இல்லை, அதனால்தான் என்று நினைத்தேன். வாய்க்கால் கரையில் நீலத் தார்ப்பாயும் கரும்புத் தோகையும் போட்டுக் கட்டியவைதான் எங்கள் கொட்டகைகள். விடிவதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் காட்டுக்குள் போய்விடுவார்கள். அதன் பிறகு பாப்பா என் இடுப்பில்தான்.

அவளுக்கு என்ன கொடுத்தேன் என்று இப்போது யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலையில் டீயும் வர்க்கியும். அழுதால் ஒரு துண்டு கரும்பு. கரும்புக்கா பஞ்சம்? அதைச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவாள். மத்தியானம் அம்மா வைத்துவிட்டுப் போன சோற்றைக் கரைத்து ஊட்டினால் துப்புவாள். குடிக்கிறது, குளிக்கிறது, துவைக்கிறது எல்லாம் வாய்க்கால் தண்ணீர். கொட்டகைகளில் எந்தக் குழந்தைக்காவது வயிற்றால் போய்க்கொண்டே இருக்கும். பாப்பாவுக்கு நிற்பதும் வருவதுமாக இருந்தது. “பல்லு மொளைக்குது, அதான்” என்றார்கள் பெரியவர்கள். கார்த்திகையிலும் பல் முளைத்தது, மார்கழியிலும் பல் முளைத்தது.

மார்கழியில்தான் பால்வாடி டீச்சர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர். கனத்த உடம்பு, நெற்றியில் திருநீறு, ஸ்கூட்டியின் முன்னால் ஒரு பை நிறைய சத்துமாவுப் பாக்கெட். எங்களை யாரும் ‘வாங்க போங்க’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இவர் வந்ததும் வராததுமாக, “ஏனுங்க அம்மணி, கொழந்தைங்கள எல்லாம் சித்த இப்படிக் கூட்டியாங்க, எடை போட்டுப்போட்டுப் போயிடறேனுங்க” என்றார். அம்மா திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

வேப்பமரக் கிளையில் ஒரு தராசைக் கட்டித் தொங்கவிட்டார். கடிகாரம்போல் வட்ட முகம், நடுவில் முள். அதன் கொக்கியில் கால் சட்டைபோலத் தைத்த துணிப் பையை மாட்டி, அதற்குள் குழந்தையின் கால்களை விட்டுத் தொங்கவிட்டால் முள் நகரும். எல்லாக் குழந்தைகளும் வீரிட்டு அழுதன. டீச்சர் முள்ளைப் பார்த்து ஓர் அட்டையில் புள்ளி வைப்பார். புள்ளி பச்சையில் விழுந்தால் நல்லது, மஞ்சளில் விழுந்தால் கவனம், சிவப்பில் விழுந்தால் ஆஸ்பத்திரி.

கடைசிக் கொட்டகைப் பையனுக்குச் சிவப்பு. அவனோடு அவன் அம்மாவும் அரசாங்க ஆஸ்பத்திரியில் போய்த் தங்க வேண்டும், உடம்பு தேறும்வரை விடமாட்டார்கள் என்றார் டீச்சர். மறுநாளே அவர்கள் போனார்கள். அடுத்த வாரம் அந்தக் கொட்டகையில் வேறு ஜோடி வந்து அடுப்பு மூட்டியது. பையனின் அப்பா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோரமாக நடந்து போனதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாப்பாவுக்கு மஞ்சள், சிவப்பை ஒட்டிய மஞ்சள். டீச்சர் அம்மாவிடம் இரண்டு பாக்கெட் மாவு கொடுத்து, “வெல்லம் போட்டு உருண்டை புடிச்சுக் குடுங்க. தண்ணியக் காய்ச்சிக் குடுங்க. அடுத்த மாசம் ஏறலீன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்போணும், பாத்துக்குங்க” என்றார். அந்த மாவு உருண்டையை மட்டும் பாப்பா துப்பாமல் தின்றாள். நானும் தின்றேன். பிள்ளைகள் இருக்கிற கொட்டகையில் மாவு எத்தனை நாள் இருக்கும்? பொங்கலுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தண்ணீர் காய்ச்ச விறகு வேண்டும், ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இரண்டு நாள் காய்ச்சினாள் அம்மா.

தை பிறந்தது. டீச்சர் வருகிற நாள் நெருங்க நெருங்க அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, “செவப்புதான் விழப்போவுது. எங்கள அனுப்பிட்டா அவரு ஒத்தையில என்னா பண்ணுவாரு? வாங்கின பணத்துக்கு மேஸ்திரிக்கு என்னா பதில் சொல்றது?” என்று அழுதாள். அப்பா வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான், கஷ்டம் வந்தால் கத்தியைத் தீட்டுவார்.

மாமாதான் சிரித்தார். “எடைதானே? இதுக்குப் போயி அழுவுறியே அக்கா. என் கையில வுடு” என்றார்.

மறுநாள் லாரி டிரைவரிடம் கெஞ்சி, அவருடைய கருவிப் பெட்டியில் கிடந்த பழைய சக்கரத்து நட்டுகள் சிலவற்றை வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் கையில் வைத்தால் கை தாழும். அவற்றைக் கறுப்புத் துணியில் தனித்தனியாக வைத்துத் தைத்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு கறுப்புக் கயிற்றில் வரிசையாகக் கட்டினார். பார்க்கப் பெரிய பெரிய தாயத்துகள். அதைப் பாப்பாவின் இடுப்பில் கட்டிவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தார்.

“துணிய அவுத்துட்டு எடை போடுவாங்கடா” என்றாள் அம்மா.

“துணிய அவுப்பாங்க. கொழந்த இடுப்புல மந்திரிச்சுக் கட்டினத அவுக்கச் சொல்ற தைரியம் எந்த டீச்சருக்கு இருக்குது? அதுவும் நெத்தி நெறையப் பட்ட போட்டுக்கிட்டு வர்றாங்க. பண்ணாரியம்மன் கோயில்ல கட்டினதுன்னு சொல்லு.”

இதோடு அவர் விட்டிருந்தால் அவர் மாமாவே இல்லை. டீச்சரின் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் பாப்பாவின் வாயில் கருப்பஞ்சாற்றை டம்ளர் டம்ளராகப் புகட்டினார். லாரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அதே முகம், அதே அவசரம். பாப்பா பாதியைக் குடித்தாள், பாதியைத் தன் மேல் ஊற்றிக்கொண்டாள். “மேல ஊத்தினாலும் எடைதான்” என்றார் மாமா.

அவர் சொன்னதுபோலவேதான் நடந்தது. டீச்சர் கறுப்புக் கயிற்றைப் பார்த்ததும், “ஏனுங்க அம்மணி, இத்தனை தாயத்துங்களா?” என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, “பண்ணாரியம்மன் கோயில்லங்க” என்றாள். டீச்சர் ஒரு தாயத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடிப் போனேன்.

முள் ஏறியிருந்தது. புள்ளி பச்சையில் விழுந்தது. டீச்சருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. “பரவாயில்லீங்களே அம்மணி! ஒரே மாசத்துல நல்லாத் தேத்திப்போட்டீங்களே! பாருங்க, மத்தவங்களும் இப்படி இருக்கோணும்” என்று எல்லோருக்கும் முன்னால் அம்மாவைப் புகழ்ந்தார். பாப்பாவுக்கு இனிக் கூடுதல் மாவு தேவையில்லை என்று சொல்லி, அவளுக்கென்று வைத்திருந்த பாக்கெட்டைப் பக்கத்துக் கொட்டகைப் பெண்ணுக்குக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் குழந்தைக்கு மஞ்சள். பாக்கெட் கைமாறுவதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்கவும் முடியவில்லை, கையை நீட்டவும் முடியவில்லை.

அன்று மாமாவுக்கு எங்கள் கொட்டகைகளில் ராஜ மரியாதை. இரண்டு மூன்று அம்மாக்கள் தங்கள் குழந்தைகளுக்கும் ‘மந்திரிக்க’ முடியுமா என்று ரகசியமாகக் கேட்டார்கள். “நட்டு கெடைக்கணுமே” என்றார் மாமா, பெரிய வைத்தியர்போல.

ஆனால் வித்தையில் ஒரு சிக்கல் இருந்ததை அவர் யோசிக்கவில்லை. லாரி என்றால் ஒருமுறை எடை போட்டால் முடிந்தது. குழந்தையை மாதாமாதம் எடை போடுவார்கள், மாதாமாதம் ஏறியும் இருக்க வேண்டும். மாசியில் டீச்சர் வருகிற நாளைக்கு முன்பே மாமா, கழற்றி வைத்திருந்த கயிற்றில் புதிதாக ஒரு தாயத்து சேர்த்தார். கட்டிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் சேர்த்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை. கயிறு பாப்பாவின் இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. இறுக்கிக் கட்டினார்.

பாப்பா அழவில்லை. அந்த மாதம் முழுக்கவே அவள் அதிகம் அழவில்லை. எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. இறக்கி உட்கார வைத்தால் உட்கார்ந்த இடத்தில் இருப்பாள், ஈ மொய்த்தாலும் கையை ஓங்கமாட்டாள். கூட விளையாட ஓடிவரமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

மாசி மாத எடைக்கு மாமா இல்லை. மேஸ்திரி அவரைப் பக்கத்துத் தோட்டத்து லாரிக்கு அனுப்பியிருந்தார். அம்மா காட்டிலிருந்து ஓடிவந்து, கையில் தோகை கிழித்த கோடுகளோடு பாப்பாவைப் பைக்குள் விட்டாள். மற்ற குழந்தைகள் வழக்கம்போல் ஊரைக் கூட்டின. பாப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா தொங்கினாள்.

“கொழந்தை ஏனுங்க அழுகவே மாட்டீங்குது?” என்றார் டீச்சர்.

“அது சமத்துங்க” என்றாள் அம்மா.

முள் போன மாதத்தைவிட ஏறியிருந்தது. டீச்சர் புள்ளி வைத்துவிட்டு, நெற்றியைச் சுருக்கிப் பாப்பாவின் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்கப் போனார். அதற்குள் நான் போய்ப் பாப்பாவைப் பையிலிருந்து எடுத்து இடுப்பில் போட்டுக்கொண்டேன். டீச்சர் என்னைப் பார்த்து, “ஏங்கண்ணு, உன்ர தங்கச்சி இந்தக் கனம் கனக்கறாளே, நாளெல்லாம் தூக்கிட்டுத் திரியறயே, இடுப்பு நோகலையா?” என்றார்.

அத்தனை பேர் முன்னால் டீச்சர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“நோவாதுங்க டீச்சர். தீபாவளியப்பதான் தூக்க முடியாது, மூச்சு வாங்கும். இப்ப எனக்குப் பலம் வந்துடுச்சு. ஒரு கையாலயே தூக்குவேன், பாக்கறீங்களா?”

தாயத்துகளின் கனத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியும் காட்டினேன். பாப்பாவின் இரண்டு அக்குளுக்கும் கீழே ஒரு கையைக் கொடுத்து, மற்றொரு கையை எடுத்துவிட்டு, டீச்சரின் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். பாப்பாவின் இடுப்பில் தாயத்துகள் ஒன்றோடொன்று மோதி இரும்புச் சத்தம் கேட்டது.

டீச்சரின் முகம் மாறிவிட்டது. “இங்க குடு கண்ணு” என்று பாப்பாவை வாங்கினார். வாங்கி, அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். ஒரு தாயத்தை விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். நட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. கயிற்றை அவிழ்த்தார். பாப்பாவின் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக வளையம் போட்டிருந்தது. மறுபடி பைக்குள் விட்டுக் கொக்கியில் மாட்டினார். முள் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. கொட்டகைப் பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அம்மா எட்டி என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். “உன்னை யாருடி பேசச் சொன்னா? வாயி, வாயி!” என்று இன்னொன்று விட்டாள். பிறகு அவளே தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“கொழந்தைய எதுக்குங்க அடிக்கறீங்க? அவ ஒருத்திதான் நெசத்தைச் சொன்னா” என்று டீச்சர் கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். கத்தியவர் உடனே தணிந்து போனார். “நான் என்னத்தப் படிச்சேன் போங்க. ரண்டு மாசமா முள்ளையே பாத்துட்டு இருந்திருக்கறேன், கொழந்தையத் தூக்கிப் பாக்கோணும்னு தோணலையே எனக்கு” என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. நான் என்ன நிஜத்தைச் சொன்னேன்? எனக்குப் பலம் வந்ததைச் சொன்னேன். பெருமை பேசினால் கண் பட்டுவிடும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், அதற்குத்தான் அடி விழுந்தது என்று எடுத்துக்கொண்டேன். அம்மா பாப்பாவை அணைத்தபடி டீச்சரின் ஸ்கூட்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெட்டுக் காட்டில் பாதிக் கட்டு அப்படியே கிடந்தது.

மாமா சாயங்காலம் வந்தார். நடந்ததை யாரோ வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். கொட்டகைக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியில் கிடந்த கறுப்புக் கயிற்றை எடுத்துக் கையில் எடை பார்ப்பதுபோல் வைத்திருந்தார், பிறகு வாய்க்காலில் எறிந்துவிட்டார். டிரைவர் நட்டைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வார் என்று நான் கவலைப்பட்டேன்.

மேஸ்திரி வந்து அப்பாவிடம் நாசூக்காகப் பேச்சை ஆரம்பித்தார். லாரி நிற்காது, ஜோடி இல்லாமல் எப்படி, என்றெல்லாம். அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மாமா எழுந்து வந்து, “அக்கா எடத்துல நான் கட்டறேன். லாரிக்கு வேற ஆளப் போட்டுக்குங்க” என்றார். தோகை உரித்துக் கட்டுவது எங்கள் கூட்டத்தில் பெண்கள் வேலை. ஆம்பளை எவனும் செய்து நான் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து மாமா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்பாவின் பின்னால் குனிந்து குனிந்து கட்டினார். “என்னா மச்சான், எப்ப வளைகாப்பு?” என்று கேலி பேசினார்கள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பதில் பேசுகிறவர், குனிந்த தலை நிமிராமல் கட்டினார். கட்டிய கட்டில் மண் இருந்தால் தட்டினார்.

ஒருநாள் என்னைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பாப்பாவின் மூக்கில் சின்னக் குழாய் ஒட்டியிருந்தார்கள். அம்மா கட்டிலுக்கடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அங்கே தினமும் காலையில் எடை போடுவார்களாம். நர்ஸ் பாப்பாவைத் தட்டுத் தராசில் படுக்க வைத்தபோது மாமா பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எண் நிற்கிறவரை பார்த்தார்.

“கொஞ்சம் ஏறியிருக்குதுங்க” என்றார் நர்ஸ்.

“நெசமாவா சிஸ்டர்? இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்களேன்.”

நர்ஸ் முறைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டார். அதே எண்தான். அந்த நர்ஸைத் திருடி என்று மாமா சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு வறுத்த கடலை வாங்கித் தந்தார், அவர் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவும் பாப்பாவும் இல்லாத அந்த நாட்களில் எனக்கு இடுப்பு வெறுமையாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்துக் கொட்டகைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். டீச்சர் வாரத்துக்கு ஒருமுறை வந்தார். அம்மாக்களிடம் தண்ணீரைப் பற்றித் தொண்டை வற்றப் பேசினார். எடை போடும் முன் ஒவ்வொரு குழந்தையையும் தன் மடியில் கிடத்தி, கையையும் தொடையையும் பிடித்துப் பார்த்த பிறகுதான் தராசுப் பக்கம் போனார்.

வெட்டு முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம் டீச்சரின் ஸ்கூட்டியில் அம்மாவும் பாப்பாவும் வந்து இறங்கினார்கள். எல்லோரும் காட்டிலிருந்து ஓடிவந்தார்கள். பாப்பாவின் கன்னம் உப்பியிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் அவள் வீரிட்டு அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டு அம்மா சிரித்தாள்.

நான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். எத்தனை நாளாகக் காத்திருந்தேன்! பழையபடி ஒரு கையை அவள் அக்குளுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். முழங்கால்வரை வந்தாள், அதற்குமேல் முடியவில்லை. இருவரும் சேர்ந்து மண்ணில் உட்கார்ந்தோம். என் பலமெல்லாம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. கண் பட்டுத்தான் போயிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் நான் விக்கி விக்கி அழுதேன்.

மாமா ஓடிவந்து என் முன்னால் குந்தினார். “என்னா, முடியலியா?” என்றார்.

“முடியல.”

“இன்னொரு வாட்டி தூக்கு பாப்போம்.”

தூக்கினேன். முடியவில்லை.

“முடியலல்ல? நெசமாவே முடியலல்ல?” என்று கேட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. “எங்க, இன்னும் ஒரே ஒரு வாட்டி.”

நான் ஒவ்வொரு தடவை தோற்கத் தோற்க அவருக்குச் சந்தோஷம் கூடிக்கொண்டே போயிற்று. அக்கா மகள் பலம் போய் அழுகிறாளே என்று கொஞ்சம்கூட இரக்கமில்லாத இந்த மனுஷனோடு இனிமேல் பேசுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். லாரியில் ஊர் போய்ச் சேருகிறவரை பேசவும் இல்லை.